டீம் டின்னருக்கு எந்த ஹோட்டல்?

காலாண்டு முடிந்திருக்கும். இல்லையென்றால் இழுத்துக்கொண்டே போன புராஜெக்ட் ஒருவழியாக லைவ் ஆகியிருக்கும். கூட்டம் கலையும் நேரத்தில் மேனேஜர் உங்களைப் பார்த்து, "எல்லாரும் ஒரு டின்னர் போயிட்டு வரலாம்பா, நீயே பாத்து ஏற்பாடு பண்ணிடு" என்பார். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் கல்யாண வீட்டில் பந்தி மேற்பார்வை பார்க்கும் சித்தப்பா மாதிரி. நன்றாக நடந்தால் மேனேஜருக்கு நன்றி சொல்வார்கள். பிரியாணி ஆறிப்போயிருந்தால் உங்களிடம் வருவார்கள்.

அப்படி மாட்டிக்கொண்டவருக்காகத்தான் இந்த அத்தியாயம். ஊர் சென்னை, ஆபீஸ் ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் பக்கம், ஆட்கள் பதினெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு பெருநகரத்தில் இருப்பவர்கள் சாலைப் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

குடும்பத்தோடு சாப்பிடப் போகும்போது ருசிதான் முதலில். பிடிக்கவில்லை என்றால் மாமியார் முகத்தைச் சுளிப்பார், பையன் தட்டைத் தள்ளிவிடுவான், அடுத்த முறை வேறு கடைக்குப் போவீர்கள். ஆபீஸ் டின்னரில் அப்படி யாரும் முகம் சுளிப்பதில்லை. சேர்ந்து ஆறு மாதம் ஆன டிரெய்னி, பத்து மணிக்கு மேல் விடுதிக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று மேனேஜரிடம் சொல்ல மாட்டார். சைவக்காரர் எதிரே நண்டு உடைபடுவதைப் பார்த்தபடி தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருப்பார். வர முடியாது என்று சொல்ல முடியாதவர் யாரோ, அவரை மனதில் வைத்து ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள். வீடு திரும்பும் வழி முதலில், சாப்பிட முடியாதவை இரண்டாவது, உட்கார்ந்து பேச முடியுமா என்பது மூன்றாவது, பில் நான்காவது. ருசி கடைசி. சென்னையில் ஓரளவு கூட்டம் வரும் ஹோட்டலில் சாப்பாடு மோசமாக இருப்பது அபூர்வம் என்பதால் கடைசியில் வைப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை.

குழுவில் கேட்காதீர்கள்

வாட்ஸ்அப் குழுவில் "எங்கே போகலாம்?" என்று போட்டீர்களானால் அன்றைய வேலை கெட்டது. நாலு பேர் நாலு பிரியாணிக் கடையின் பெயரைப் போடுவார்கள். ஒருவர் போன மாதம் போன கொரியன் உணவகத்தின் படத்தை அனுப்புவார். "எங்கேன்னாலும் ஓகே" என்று ஐந்து பேர். மீதிப் பேர் பேசவே மாட்டார்கள், பிரச்சினை உள்ளவர் அந்த மீதியில்தான் இருப்பார். வாக்கெடுப்பு வைத்தால் இன்னும் மோசம். பதினெட்டில் பன்னிரண்டு வாக்கு வாங்கிய கடல் உணவுக் கடையில் மற்ற ஆறு பேர் என்ன செய்வார்கள்?

ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்வி கேளுங்கள். வீடு எந்தப் பக்கம்? எதில் வருவீர்கள், எதில் போவீர்கள்? என்ன சாப்பிட மாட்டீர்கள்? எது பிடிக்கும் என்று கேட்க வேண்டாம், அதற்கு எல்லோரிடமும் பிரியாணி என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் விரதம் இருப்பார், ஒருவர் மருந்து சாப்பிடுவார், ஒரு பெண் தான் கர்ப்பமாக இருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

பட்டியல் போடும்போது இன்னொன்றும் பாருங்கள். உங்கள் வரிசையிலேயே உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் கான்ட்ராக்ட் ஊழியர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். கம்பெனி தரும் தலைக்கு இவ்வளவு என்ற பட்ஜெட்டில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி அவர்களுக்கும் சேர்த்து அனுமதி வாங்குங்கள். பணம் போதவில்லையா, இன்னும் கொஞ்சம் மலிவான ஹோட்டலைப் பாருங்கள். பதினைந்து பேரை நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், மூன்று பேரைக் கேண்டீனில் விட்டுவிட்டுப் போவதை டீம் டின்னர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கிழமையும் நேரமும்

வெள்ளிக்கிழமை ராத்திரி என்று எல்லோரும் யோசிக்காமல் சொல்வார்கள். சென்னையில் டீம் டின்னருக்கு அதைவிட மோசமான நாள் இல்லை. பாதி டீம் ஊருக்குக் கிளம்பும் நாள் அது. எழும்பூரில் பாண்டியனோ நெல்லையோ பிடிக்க வேண்டியவர், கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற வேண்டியவர் எல்லோரும் பையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹோட்டலிலும் அன்றைக்குத்தான் பாட்டுச் சத்தம் அதிகம், கூட்டம் அதிகம், சில இடங்களில் விலையும் அதிகம். வியாழக்கிழமை போங்கள். மறுநாள் ஒரு நாள்தானே வேலை என்ற நினைப்பில் மனசும் லேசாக இருக்கும், மேசையும் சுலபமாகக் கிடைக்கும்.

தேதியைப் பார்க்கும்போது தமிழ் மாதத்தையும் பாருங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி. அசைவம் சாப்பிடும் பல வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சிலருக்குச் சனிக்கிழமை மட்டும். நவராத்திரியும் அந்தச் சமயத்தில்தான், வடநாட்டு நண்பர்களில் சிலர் ஒன்பது நாளும் விரதம். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் வெளியில் சாப்பிடுவதையே தவிர்ப்பார்கள். ரமலான் மாதத்தில் டின்னரை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நோன்பு வைத்தவர் முன்னால் எட்டரை மணிக்கு சூப் வருவதற்கும், நேரத்தோடு பேரீச்சம்பழமும் தண்ணீரும் தயாராக இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் கனமழைக்கு என்ன ஆகும் என்று 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். அந்த மூன்று மாதத்தில் ஏற்பாடு செய்தால், முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா, தேதியை மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

டின்னர்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். டீமில் அமெரிக்க ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இருந்தால் ராத்திரி எட்டு மணி அவர்களுக்கு வேலை நேரம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அது தூங்கவைக்கும் நேரம். சமணர்களில் பலர் சூரியன் மறைந்தபின் சாப்பிட மாட்டார்கள். மதியச் சாப்பாடு என்று மாற்றினால் இவர்கள் எல்லோரும் வருவார்கள், மெட்ரோ, கேப் கவலையும் இல்லை, வாரநாளில் பஃபே விலையும் பெரும்பாலும் குறைவு. டின்னர் என்ற பேருக்கு ஒரு கவர்ச்சி இருப்பதால் மேனேஜர்கள் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

இடம்

சோழிங்கநல்லூரிலிருந்து தி.நகர் சுமார் இருபது கிலோமீட்டர். மாலை ஏழு மணிக்கு அதை மணிக்கணக்கில்தான் சொல்ல வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் வரும் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் ஓஎம்ஆர் பல இடங்களில் ஒடுங்கிக் கிடக்கிறது. நுங்கம்பாக்கத்தில் காதர் நவாஸ்கான் சாலையில் அருமையான உணவகங்கள் இருக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால் ஆறரைக்குக் கிளம்பிய மூன்று கார்களும் ஐந்து பைக்குகளும் எட்டு, எட்டேகால், எட்டே முக்கால் என்று வந்து சேரும். முதலில் வந்தவர்கள் சூப் குடித்து முடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒன்று, ஆபீஸிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போகும் இடமாக இருக்க வேண்டும். பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் எல்லா இடத்திலும் இப்போது பதினெட்டுப் பேர் உட்காரும் ஹோட்டல்கள் இருக்கின்றன. இல்லையென்றால், பெரும்பாலானோர் வீடு திரும்பும் வழியில் இருக்க வேண்டும். தாம்பரம், மேடவாக்கம், ஆவடி, பெரம்பூர் என்று சிதறி இருந்தால் கிண்டி சுற்றுவட்டாரம் நல்ல தேர்வு. அங்கே புறநகர் ரயிலும் மெட்ரோவும் இருக்கின்றன, ஒரு நிலையம் தள்ளி ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு தடங்களும் சேர்கின்றன. மெட்ரோ இரவு பதினோரு மணியளவில் ஓய்ந்துவிடும் என்பதால் பத்தேகாலுக்குள் எழுந்திருக்க வேண்டும்.

ஈசிஆர் பக்கம் கடலைப் பார்த்த உணவகங்களைச் சொல்பவர் ஒருவர் எல்லா டீமிலும் உண்டு. போகும்போது அக்கரை வழியாகச் சுகமாகப் போய்விடலாம். திரும்பும்போது பத்தரை மணிக்கு ஆட்டோ கிடைக்காது. கேப் புக் செய்தால் ஒருவர் ஏற்றுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் ரத்து செய்வார், அடுத்தவர் ரேட் கேட்பார். கம்பெனி வண்டி கிடைத்தால் மட்டும் ஈசிஆர்.

பைக்கில் வருபவர்களை மறந்துவிடாதீர்கள். காருக்கு வாலட் வைத்திருக்கும் பெரிய ஹோட்டல்கள் சிலவற்றில் டூவீலருக்குப் பின்பக்கம் எங்கேயோ இடம் காட்டுவார்கள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லாபியில் நுழைய வேண்டியிருக்கும். டீமில் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர் இருந்தால், சாய்தளம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் கழிப்பறை வரைக்கும் படியில்லாமல் போக முடிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, கை கழுவும் இடத்துக்கு நாலு படி வைத்திருப்பார்கள்.

எந்த மாதிரி ஹோட்டல்

டீம் டின்னர் என்றதும் பார்பெக்யூ நேஷன், ஏபிஸ் போன்ற மேசையிலேயே அடுப்பு வைக்கும் பஃபேக்கள் நினைவுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று விலை தீர்மானமாகிவிடும், யார் என்ன ஆர்டர் செய்தார்கள் என்ற கணக்கே இல்லை, சைவத்துக்கும் ஏழெட்டு வகை இருக்கும். பார்பெக்யூ நேஷனில் மேசைமேல் ஒரு சின்னக் கொடி வைத்திருப்பார்கள். அதைச் சாய்க்கும் வரை கம்பியில் குத்திய கோழியும் இறாலும் அன்னாசிப்பழமும் வந்துகொண்டே இருக்கும். யாருக்கும் சாய்க்க மனசு வராது, அதனால் பிரியாணிப் பக்கம் போகும்போது வயிற்றில் இடம் இருக்காது. இந்த வகை இடங்களுக்குப் போவதானால் சைவத்துக்குத் தனி அடுப்பு உள்ள தனி மேசை கேளுங்கள். ஒரே அடுப்பில் பனீரும் மட்டனும் பக்கத்துப் பக்கத்தில் வேகுவதைப் பல சைவக்காரர்களால் தாங்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாருக்காவது பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள், அதற்கும் தயாராகப் போங்கள். நிறைய சாப்பிடும் இளவட்ட டீமுக்கு இது சரி. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களும் சர்க்கரைக்காரர்களும் அதிகம் என்றால், கொடுக்கும் காசில் பாதிக்குக்கூடச் சாப்பிட மாட்டார்கள்.

செட்டிநாடு, கொங்கு, பிரியாணி ஹோட்டல்கள் சென்னையின் பெருமை. ராயப்பேட்டையில் பொன்னுசாமி 1954-லிருந்தும் அஞ்சப்பர் 1964-லிருந்தும் இருக்கின்றன. மவுண்ட் ரோடு புஹாரி 1951. இந்த வகைச் சாப்பாட்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் அசைவ ஹோட்டலின் பொது ஹால் பொதுவாகச் சாப்பிட்டு எழுந்துபோவதற்காக அமைந்தது, உட்கார்ந்து பேசுவதற்கு இல்லை. கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே அடுத்த குடும்பம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும். மாடியில் ஏசி ஹால் இருந்து, அதைத் தனியாக ஒதுக்கித் தருவார்கள் என்றால் யோசியுங்கள். டீமில் சைவக்காரர்கள் நாலு பேருக்கு மேல் இருந்தால் வேண்டாம். கோபி மஞ்சூரியனும் காளான் பிரியாணியும் ஒரு முழு டின்னர் ஆகாது.

முழுச் சைவ ஹோட்டலுக்கு எல்லோரையும் கூட்டிப்போவது நியாயம்போலத் தெரியும், யாருக்கும் தீட்டில்லை. உண்மையில் அசைவக்காரர்கள் அதை டின்னராகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள், போய்வந்த பிறகு தனியாக ஒரு கூட்டம் பிரியாணிக் கடைக்குப் போகும். ஆனால் முப்பது நாற்பது பேர் என்றால் பெரிய சைவ ஹோட்டல்களின் பார்ட்டி ஹாலை விடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. இலை போட்டு, பதினெட்டு வகை பரிமாறி, கணக்கும் நேராக இருக்கும். அப்படிப் போவதாக இருந்தால் மதியத்தில் போங்கள்.

என் தீர்ப்பு, சைவம், அசைவம் இரண்டையும் ஒழுங்காகச் சமைக்கும் வடஇந்திய அல்லது பலவகை உணவகம், அதில் கதவு உள்ள தனி அறை. சப்பாத்தி, தால், பனீர், தந்தூரி, பிரியாணி, கொஞ்சம் நூடுல்ஸ். யாருக்கும் உயிரை விடும் அளவுக்குப் பிடிக்காது, யாரும் பட்டினியும் கிடக்க மாட்டார்கள். வடஇந்தியக் குழம்புகள் பலவற்றில் முந்திரி விழுது இருக்கும், சீன வகைகளில் வேர்க்கடலையும் இறாலும் மறைந்திருக்கலாம். ஒவ்வாமை உள்ளவரின் பெயரைச் சொல்லாமல், எந்தெந்த உணவில் இது கிடையாது என்று ஹோட்டலிடம் முன்னதாகவே பட்டியல் வாங்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஹலால் பார்ப்பவர்கள் இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள்.

மதுவைப் பற்றி

தமிழ்நாட்டில் சாதாரண உணவகம் மது பரிமாற முடியாது. சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக்கிடம். டாஸ்மாக் பார்களை விட்டால், உட்கார்ந்து குடிக்க உரிமம் உள்ளவை பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களும் கிளப்களும்தான். அதனால் "பார் இருக்கணும்" என்று யாராவது சொன்னால் ஹோட்டலும் பட்ஜெட்டும் அந்த ஒரு வார்த்தையிலேயே தீர்மானமாகிவிடும். குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், டிப்ளமோ முடித்து வந்த டிரெய்னிகளில் சிலருக்கு ஆகியிருக்காது. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், மே தினம், வள்ளலார் நினைவு நாள், மிலாடி நபி, மகாவீர் ஜெயந்தி, குடியரசு தினம், சுதந்திர தினம் ஆகிய நாட்களில் எங்கேயும் கிடையாது.

ஆபீஸ் பணத்தில் நடக்கும் டின்னரில் மது வேண்டாம் என்பது என் கட்சி. ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை நிமித்தம் போகும் எந்த இடத்தையும் கம்பெனி தரும் வண்டியையும் பணியிடம் என்றே கணக்கில் எடுக்கிறது. ஹோட்டல் மேசையும் ஆபீஸ்தான். ரத்தத்தில் ஆல்கஹால் நூறு மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிய நிலையில் வண்டியோட்டினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. குடிக்க விரும்புகிறவர்கள் டின்னர் முடிந்தபின் தங்கள் காசில் போகட்டும், அதற்கு ஏற்பாட்டாளர் தேவையில்லை. கம்பெனிகள் பலவும் மது உள்ள பில்லுக்குப் பணம் தருவதில்லை என்பதையும் மேனேஜரின் காதில் போட்டுவையுங்கள், வாதம் அதோடு முடிந்துவிடும்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

இரண்டு ஹோட்டல் வரை சுருக்கியாயிற்று என்றால், அதே கிழமை, அதே நேரத்துக்கு நேரில் போய் ஒரு சூப் குடியுங்கள். இணையத்தில் இருக்கும் படங்கள் மத்தியானம் காலி ஹாலில் எடுத்தவை. ஸ்பீக்கர் எந்த மூலையில் இருக்கிறது, அடுக்களைக் கதவு எந்த நாற்காலியின் முதுகில் இடிக்கிறது, ஏசிக் காற்று யார் தலையில் நேராக இறங்குகிறது, கை கழுவும் இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மேசையில் எதிரே இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், எவ்வளவு நல்ல சாப்பாடாக இருந்தாலும் அந்த ஹோட்டல் வேண்டாம்.

பதினெட்டுப் பேருக்கு மேசைகளை ரயில் பெட்டிபோல நீளமாகச் சேர்த்துப் போட்டுக்கொடுப்பார்கள். மறுத்துவிடுங்கள். நீள மேசையில் பக்கத்தில் இருவர், எதிரே மூவர், அவ்வளவுதான் பேச முடியும். மேனேஜர் நடுவில் உட்கார, அவரைச் சுற்றிச் சீனியர்கள், கடைக்கோடியில் டிரெய்னிகள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு பேர் வீதம் மூன்று மேசை கேளுங்கள். ஸ்டார்ட்டர் முடிந்ததும் மேனேஜர் அடுத்த மேசைக்கும், இனிப்புக்கு மூன்றாவது மேசைக்கும் மாறட்டும். இதை அவரிடம் முன்னமே சொல்லிவைக்க வேண்டும், அவராகச் செய்ய மாட்டார்.

பிறகு ஹோட்டல் மேலாளரிடம் பேச்சு. அது பெரும்பாலும் இப்படிப் போகும்:

"சார், வர்ற வியாழக்கிழமை ஏழரைக்குப் பதினெட்டுப் பேர். தனி ரூம் வேணும்."

"வாங்க சார், பாத்துக்கலாம்."

"ரூம் கன்ஃபார்மா சார்? வந்தப்புறம் ஹால்ல உக்காரச் சொல்லக் கூடாது."

"அன்னிக்குக் கூட்டத்தைப் பொறுத்து சார்..."

இங்கேயே நிறுத்தி, முன்பணம் கொடுத்து ரூமை உறுதி செய்யுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையா, இரண்டாவது ஹோட்டலுக்குப் போன் போடுங்கள். அடுத்து மினிமம் கியாரண்டி. பஃபேயானாலும் செட் மெனுவானாலும் குறைந்தது இத்தனை தட்டு என்று கணக்குப் போடுவார்கள். பதினெட்டுப் பேர் வருகிறோம் என்றால் பதினைந்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் மூன்று பேர் வரமாட்டார்கள், அது எல்லா ஆபீஸுக்கும் பொது. கூடுதலாக வந்தால் ஹோட்டல்காரர் சந்தோஷமாகத் தட்டுப் போடுவார். கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு, ரூமை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். கேக் வாங்கினால் முட்டையில்லாதது வாங்குங்கள்.

அன்றைக்கு மெனு கார்டைக் கையில் கொடுக்க விடாதீர்கள். பதினெட்டுப் பேர் தனித்தனியாக ஆர்டர் செய்தால் முதல் தட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். சூப், நாலு ஸ்டார்ட்டர், ரொட்டி வகைகள், இரண்டு சைவம் இரண்டு அசைவக் குழம்பு, ஒரு பிரியாணி, ஒரு சாதம், தயிர் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உட்கார்ந்த பத்து நிமிடத்தில் ஏதாவது மேசைக்கு வர வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். மேனேஜர் நன்றி சொல்லிப் பேசுவதாக இருந்தால் ஸ்டார்ட்டருக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம். புரொஜெக்டர் இருக்கிறது என்று ஹோட்டல்காரர் சொன்னாலும் மேனேஜரிடம் சொல்லாதீர்கள்.

பில்

தலைக்கு எவ்வளவு என்று மேனேஜர் சொன்னால், வரியோடா வரியில்லாமலா என்று கேளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%. நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகமென்றால் 18%. தலைக்கு 900 ரூபாய் பஃபே என்று வைத்துக்கொண்டால் பதினெட்டுப் பேருக்கு வரியோடு 17,010. அதுவே பெரிய ஹோட்டலில் 1,800 என்றால் 38,232, இதில் வரி மட்டும் 5,832. கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கினாலும் உணவுக்குக் கட்டிய வரியைக் கம்பெனி பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நம்பிக்கையில் பெரிய ஹோட்டலை நியாயப்படுத்த வேண்டாம்.

பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைப்படி அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஹோட்டல் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. முன்பணம் பேசும்போதே "சர்வீஸ் சார்ஜ் போடக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வாக்குவாதம் இருக்காது. மிச்சப்படும் பணத்தில் பரிமாறியவர்களின் கையில் நேராக டிப்ஸ் கொடுங்கள், ரொக்கமாக.

கம்பெனி காசு தராமல் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் டின்னராக இருந்தால், சமமாகப் பிரிக்காதீர்கள். டிரெய்னியின் சம்பளத்துக்கும் மேனேஜரின் சம்பளத்துக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். சீனியர்கள் இரண்டு பங்கு போடட்டும், இல்லையென்றால் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளலாம்.

ஒன்பதரைக்குப் பில் கேளுங்கள், பத்துக்குள் எல்லோரும் வாசலில் இருக்க வேண்டும். தனியாகத் தொலைவு போக வேண்டிய பெண்களுக்குக் கம்பெனி கேப்பை மாலையிலேயே பதிவு செய்து வைத்திருங்கள். ஒரே திசையில் போகிறவர்களை ஒரே வண்டியில் ஏற்றுங்கள். கடைசி ஆள் வண்டியேறும் வரை நீங்கள் கிளம்பாதீர்கள், வீட்டுக்குப் போனதும் குழுவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.